காற்றைக் கணக்கிட்டவர்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், ரிங்லெட் சிற்றூரை அடுத்து அமைந்துள்ளது லெம்பா பெர்த்தாம். சுங்கை பெர்த்தாம் பாய்ந்தோடும் இப்பள்ளத்தாக்கு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இதன் சுற்றுவட்டாரத்து மலைச்சரிவுகளில் தேயிலைத் தோட்டங்களும் காய்கறித் தோட்டங்களும் பரந்து கிடக்கின்றன. 1929ஆம் ஆண்டில் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் என்பவர் இம்மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் இம்மலையின் தோட்டங்களில் காடு திருத்திச் செடி நட்டுக் கொழுந்து பறித்தனர்.

தேயிலைக்கு இம்மலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் குளிர்ச்சியே ஆகும். கோலாலம்பூரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 27 பாகை செல்சியசைத் தாண்டும். தானா ராத்தாவிலோ அது ஏறத்தாழ 18 பாகைதான். உயரம் கூடக் கூடக் காற்று குளிர்கிறது. குளிரில் மெதுவாக வளரும் கொழுந்துக்குத் தனி மணமும் சுவையும் உண்டு. எனவே, இவ்வட்டாரத்து மக்களின் பிழைப்பு மண்ணை மட்டுமன்றிக் காற்றின் வெப்பநிலையையும் நம்பியிருக்கிறது.

காற்றின் வெப்பநிலையை எது தீர்மானிக்கிறது? காற்றில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் ஒரு வளி கூடினாலோ குறைந்தாலோ உலகின் வெப்பம் எவ்வளவு மாறும்? இவ்வினாவிற்கு முதன்முதலாக எண்களால் விடை கண்டவர் சுவீடன் நாட்டு அறிவியலறிஞர் ஸ்வாந்தே அர்ரேனியஸ் ஆவார். கணினி இல்லாத காலத்தில், தாளையும் எழுதுகோலையும் மட்டுமே கொண்டு அவர் இக்கணக்கைப் போட்டார்.

பிறப்பும் இளமையும்

ஸ்வாந்தே அர்ரேனியஸ் 1859ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் சுவீடனின் உப்சாலா நகருக்கு அருகிலுள்ள விக் எனும் இடத்தில் பிறந்தார். அவருடைய தந்தையார் உப்சாலா பல்கலைக்கழகத்தில் நில அளவையாளராகப் பணியாற்றியவர். தந்தையார் கணக்கேட்டில் எண்களைக் கூட்டுவதை அருகிலிருந்து பார்த்தே சிறுவன் ஸ்வாந்தே கூட்டல் கற்றுக்கொண்டான். மூன்று வயதிலேயே, யாரும் கற்பிக்காமல், தானாகவே படிக்கத் தொடங்கிவிட்டான். எண்களின் மீது அன்று ஏற்பட்ட ஈர்ப்பு அவனை வாழ்நாள் முழுவதும் விட்டு நீங்கவில்லை.

அதே 1859ஆம் ஆண்டில் இலண்டனில் ஜான் டிண்டல் எனும் அறிஞர் முக்கியமான ஓர் ஆய்வைத் தொடங்கினார். பல்வேறு வளிகளைக் குழாயில் நிரப்பி, அவற்றின் வழியே வெப்பக் கதிர்களைச் செலுத்திப் பார்த்தார். காற்றின் பெரும்பகுதியாகிய நைட்ரஜனும் உயிர்வளியும் வெப்பக் கதிர்களைத் தடுக்கவில்லை. ஆனால், நீராவியும் கரிவளியும் அவற்றை ஈர்த்துக்கொண்டன. கரிவளி என்பது விறகும் நிலக்கரியும் எரியும்போது வெளிவரும் கார்பன் டைஆக்சைடு ஆகும். டிண்டல் விட்ட இடத்திலிருந்து, அந்த ஆண்டில் பிறந்த குழந்தை பின்னாளில் தொடரவிருந்தது.

கல்வியும் போராட்டமும்

அர்ரேனியஸ் 1876ஆம் ஆண்டில் உப்சாலா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்குக் கற்பிக்கப்பட்ட முறை அவருக்கு மனநிறைவளிக்கவில்லை. ஆகவே, 1881ஆம் ஆண்டில் தலைநகர் ஸ்டாக்ஹோமுக்குச் சென்று எரிக் எட்லுண்டு எனும் இயற்பியலறிஞரிடம் ஆய்வு மேற்கொண்டார்.

உப்பு கரைந்த நீர் ஏன் மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதே அவரை ஆட்கொண்ட வினாவாகும். உப்பு நீரில் கரையும்போது மின்னூட்டம் பெற்ற துகள்களாகப் பிரிகிறது என்று அவர் கண்டறிந்தார். அத்துகள்களை இன்று அயனிகள் என்கிறோம். மின்சாரம் பாய்ச்சாத நிலையிலும் அயனிகள் கரைசலில் இருக்கும் என்பது அக்காலத்தவருக்கு நம்ப முடியாத கருத்தாக இருந்தது. 1884ஆம் ஆண்டில் அவர் உப்சாலாவில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு மிகத் தாழ்ந்த தரமே வழங்கப்பட்டது. அத்தகைய தரத்தைப் பெற்றவர் பல்கலைக்கழக ஆசிரியராவது அரிது.

அர்ரேனியஸ் துவண்டுவிடவில்லை. தம் ஆய்வேட்டின் படிகளை ஐரோப்பாவின் புகழ்பெற்ற வேதியியலறிஞர்களுக்கு அனுப்பிவைத்தார். ரீகாவில் பேராசிரியராக இருந்த வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்டு அதைப் படித்து வியந்தார். அவர் தாமே உப்சாலாவுக்குப் பயணம் செய்து, அந்த இளைஞரைக் கண்டு, தம்மோடு பணிபுரிய அழைத்தார். வெளிநாட்டு அறிஞர் ஒருவர் தேடி வந்ததைக் கண்ட பிறகே சொந்தப் பல்கலைக்கழகம் அவருக்கு விரிவுரையாளர் பதவியை அளித்தது.

1886ஆம் ஆண்டு முதல் அர்ரேனியஸ் ஐரோப்பாவின் பல ஆய்வுக்கூடங்களில் பணியாற்றினார். 1889ஆம் ஆண்டில், வெப்பநிலை கூடும்போது வேதிவினைகளின் வேகம் எவ்வாறு கூடுகிறது என்பதைக் கணிக்கும் சமன்பாட்டை விளக்கினார். இன்றும் மேல்நிலை வேதியியல் பாடத்தில் அது அவருடைய பெயராலேயே வழங்குகிறது. 1891ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் உயர்கல்விக் கழகத்தில் ஆசிரியரானார். 1895ஆம் ஆண்டில் அங்கேயே இயற்பியல் பேராசிரியராக உயர்ந்தார்.

பனியுகத்தின் புதிர்

சுவீடன் குளிர்நாடு. ஒரு காலத்தில் அந்நாடு முழுவதும் தடித்த பனிப்பாளத்தின் கீழ்ப் புதைந்து கிடந்தது. பனிப்பாளங்கள் உருட்டி வந்த பாறைகளும் அவை மலைகளில் கீறிச்சென்ற தடங்களும் அதற்குச் சான்றுகளாக நின்றன. பனியுகம் ஏன் வந்தது, எவ்வாறு முடிந்தது என்பது அக்கால அறிஞர்கள் காரசாரமாக விவாதித்த புதிராகும்.

காற்றிலுள்ள கரிவளியின் அளவு மாறியதே காரணமாக இருக்கலாமோ என்று அர்ரேனியஸ் எண்ணினார். அவருடைய நண்பரும் புவியியலறிஞருமான அர்விட் ஹோக்போம், எரிமலைகள், பாறைகள், கடல், தாவரங்கள் ஆகியவற்றுக்கிடையே கரிவளி எவ்வாறு சுற்றி வருகிறது என்பதை ஆராய்ந்திருந்தார். அவ்வாய்வு அர்ரேனியசுக்குப் பெரிதும் துணைபுரிந்தது.

இக்கருத்தின் அடிப்படை எளிதானது. சூரிய ஒளி காற்றை ஊடுருவி வந்து நிலத்தைச் சூடாக்குகிறது. சூடான நிலம் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களை மேல்நோக்கி வெளியிடுகிறது. நீராவியும் கரிவளியும் அவற்றில் ஒரு பகுதியை ஈர்த்து, மீண்டும் கீழ்நோக்கி அனுப்புகின்றன. குளிரில் போர்த்திய கம்பளி உடலின் சூட்டைக் காப்பதைப் போல, இவ்வளிகள் பூமியின் வெப்பத்தைக் காக்கின்றன. மேகமில்லாத இரவில் மலையில் குளிர் கடுமையாக இருப்பதும், மேகம் மூடிய இரவில் அது தணிந்திருப்பதும் இத்தகைய காப்பினால்தான்.

லெம்பா பெர்த்தாமில் காய்கறி பயிரிடுவோர் பிளாஸ்டிக் கூரை வேய்ந்த குடில்களை அமைத்திருப்பதைக் காணலாம். குளிர்நாடுகளில் செடிகளைக் காக்கக் கட்டப்படும் கண்ணாடிக் குடில்களின் பெயராலேயே இவ்வளிகள் பசுமைக்குடில் வளிகள் என்று அழைக்கப்படுகின்றன. குடில் சூடான காற்றை வெளியேறவிடாமல் அடைத்து வைக்கிறது. வளிகளோ வெப்பக் கதிர்களை ஈர்க்கின்றன. செயல்முறை வேறாயினும் விளைவு ஒன்றே. இவ்வளிகள் அறவே இல்லையெனில் பூமி உறைந்துவிடும். அளவோடு இருக்கும்வரை அவை நன்மையே செய்கின்றன.

ஓராண்டுக் கணக்கு

1894ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் அர்ரேனியஸ் கணக்கைத் தொடங்கினார். நிலவிலிருந்து வரும் வெப்பக் கதிர்களை அமெரிக்க அறிஞர் சாமுவேல் லாங்லி அளந்து வைத்திருந்தார். நிலவு உச்சியில் இருக்கும்போது அதன் கதிர்கள் குறைந்த அளவு காற்றைக் கடந்து வருகின்றன. அடிவானத்தில் இருக்கும்போது மிகுந்த அளவு காற்றைக் கடக்கின்றன. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு, நீராவியும் கரிவளியும் எவ்வளவு வெப்பத்தை ஈர்க்கின்றன என்பதை அர்ரேனியஸ் கணித்தார்.

அவர் வடக்கே 70 பாகை முதல் தெற்கே 60 பாகை வரை உலகைப் பத்துப் பாகைக்கு ஒன்றாகப் பட்டைகளாகப் பிரித்தார். ஒவ்வொரு பட்டைக்கும் நான்கு பருவங்களுக்கும் தனித்தனியே கணக்கிட்டார். கரிவளி மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் என்ன ஆகும், ஒன்றரை மடங்கானால் என்ன ஆகும், இரு மடங்கானால், மூன்று மடங்கானால் என்ன ஆகும் என ஒவ்வொன்றையும் கண்டறிந்தார். வெப்பம் கூடினால் காற்றில் நீராவியும் கூடும். அந்நீராவி மேலும் வெப்பத்தைக் கூட்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டார். பல்லாயிரம் கணக்கீடுகள் தேவைப்பட்டன. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் நாளெல்லாம் அதிலேயே மூழ்கிக் கிடந்தார். 1894ஆம் ஆண்டில்தான் அவர் தம் மாணவியும் உதவியாளருமான சோஃபியா ருட்பெக்கை மணந்திருந்தார். ஆனால், 1896ஆம் ஆண்டிற்குள் அம்மணவாழ்க்கை முறிந்துவிட்டது.

1896ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இக்கணக்கு இங்கிலாந்தின் அறிவியல் இதழ் ஒன்றில் வெளியானது. கரிவளி இரு மடங்கானால் பூமியின் வெப்பநிலை 5 முதல் 6 பாகை வரை உயரும் என்பது அதன் முடிவாகும். நிலநடுக்கோட்டை ஒட்டிய பட்டைகளில் உயர்வு ஏறத்தாழ 5 பாகை. வடதுருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல அது 6 பாகையை எட்டும். அவ்வட்டவணையில் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 10 பாகை வரையிலான பட்டைக்கும் ஒரு வரிசை உண்டு. வடக்கே நாலரைப் பாகையில் இருக்கும் கேமரன் மலை அந்த வரிசைக்குள்தான் அடங்குகிறது. அன்று அம்மலையில் ஒரு தேயிலைத் தோட்டமும் இல்லை. வில்லியம் கேமரன் எனும் நில அளவையாளர் அவ்வட்டாரத்தைக் கண்டறிந்து பத்தாண்டுகளே கடந்திருந்தன.

கடலைவிட நிலம் அதிகமாகச் சூடாகும். கோடைகாலத்தைவிடக் குளிர்காலத்தில் மாற்றம் மிகுதியாக இருக்கும். பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு குறையும் என்றும் அவர் கணித்தார். பிற்கால அளவீடுகள் இவற்றைப் பெரும்பாலும் உறுதிப்படுத்தியுள்ளன. இன்றைய அறிவியலறிஞர்கள் கரிவளி இரு மடங்கானால் ஏறத்தாழ 3 பாகை உயரும் என மதிப்பிடுகின்றனர். அர்ரேனியசின் எண் சற்றே கூடுதல்தான். அவர் பயன்படுத்திய அளவீடுகள் குறைபாடுடையவை. ஆயினும், அவர் காட்டிய வழி சரியானது.

அவர் எதிர்பாராதது

தொழிற்சாலைகள் எரிக்கும் நிலக்கரி காற்றில் கரிவளியைக் கூட்டுகிறது என்பதை அர்ரேனியஸ் அறிந்திருந்தார். அக்காலத்தில் உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 500 மில்லியன் டன் நிலக்கரியை எரித்தது. அந்த அளவில் எரித்தால் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும் என்று அவர் நம்பினார். 1906ஆம் ஆண்டில் சுவீடிய மொழியில் வெளியான தமது நூலில், நிலக்கரிப் பயன்பாடு விரைந்து பெருகுவதைக் கண்டு, சில நூற்றாண்டுகளிலேயே மாற்றம் தெரியலாம் எனத் திருத்திக்கொண்டார்.

வெப்பம் கூடுவதை அவர் ஆபத்தாகக் கருதவில்லை. மாறாக, அதை நற்செய்தியாகவே எண்ணினார். மற்றொரு பனியுகம் வாராமல் அது தடுக்கும். குளிர்நாடுகளில் விளைச்சல் பெருகும். பெருகிவரும் மக்களுக்கு உணவு கிடைக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. நீண்ட குளிர்காலத்தில் வாழ்ந்த ஒருவர் அவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை. ஆனால், ஒரே எண் எல்லா ஊருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. ஸ்டாக்ஹோமில் வரவேற்கத்தக்கதாகத் தோன்றிய வெப்பம், வெப்பமண்டல மலையொன்றின் குளிர்ச்சியை நம்பி வாழ்வோருக்கு இழப்பாகிறது.

காலத்தைப் பற்றிய கணிப்பும் தவறியது. இன்று உலகம் ஆண்டுக்கு 8 பில்லியன் டன்னுக்கும் அதிகமான நிலக்கரியை எரிக்கிறது. அதனோடு எண்ணெயும் இயற்கை எரிவாயுவும் சேர்ந்துகொண்டன. காடுகள் அழிக்கப்படும்போது மரங்களில் சேர்ந்திருந்த கரியும் காற்றில் கலக்கிறது. கால்நடைகளும் நெல்வயல்களும் குப்பைமேடுகளும் மீத்தேனை வெளியிடுகின்றன. வயலிலும் தோட்டத்திலும் அளவுக்கு மீறி இடப்படும் தழைச்சத்து உரங்களிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு வெளியாகிறது. இவையும் பசுமைக்குடில் வளிகளே.

நோபல் பரிசும் இறுதிக்காலமும்

1903ஆம் ஆண்டில் அர்ரேனியசுக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. சுவீடன் நாட்டவர் ஒருவர் நோபல் பரிசு பெற்றது அதுவே முதன்முறையாகும். தாழ்ந்த தரம் பெற்ற அதே ஆய்வேட்டில் முளைவிட்ட அயனிக் கொள்கைக்காகவே அப்பரிசு கிடைத்தது. 1905ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோமில் நிறுவப்பட்ட நோபல் இயற்பிய வேதியியல் ஆய்வுக்கழகத்திற்கு அவர் இயக்குநரானார். அதே ஆண்டில் மரியா ஜோஹான்சன் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். பொதுமக்களும் புரிந்துகொள்ளும்படி அறிவியல் நூல்களை எழுதினார். 1927ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஸ்டாக்ஹோமில் காலமானார். அவருடைய உடல் உப்சாலாவில் நல்லடக்கம் செய்யப்பட்டது.

அவர் வாழ்ந்த காலத்தில் கரிவளிக் கணக்கைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1900ஆம் ஆண்டில் க்னுட் ஆங்ஸ்ட்ரோம் எனும் சுவீடிய அறிஞர், கரிவளி கூடினாலும் வெப்ப ஈர்ப்பு பெரிதாக மாறாது என்று வாதிட்டார். உயரமான, அடர்த்தி குறைந்த காற்றடுக்குகளின் பங்கு அன்று சரியாகப் புரிந்துகொள்ளப்படவில்லை. 1938ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பொறியாளர் கை காலண்டர், பல நாட்டு வெப்பநிலைக் குறிப்புகளைத் திரட்டி, பூமி சூடாகத் தொடங்கிவிட்டது என்று காட்டினார். 1958ஆம் ஆண்டில் சார்ல்ஸ் டேவிட் கீலிங், ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கரிவளியைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கினார். அன்று ஒரு மில்லியன் பங்கு காற்றில் ஏறத்தாழ 315 பங்கு கரிவளி இருந்தது. இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் அவ்வளவு ஏறத்தாழ 280 மட்டுமே என்பதை, பழம் பனிக்கட்டிகளுக்குள் சிக்கியிருக்கும் காற்றுக் குமிழிகள் காட்டுகின்றன. அதாவது, ஒன்றரை மடங்கு எனும் நிலையை உலகம் ஏற்கெனவே எட்டிவிட்டது.

பூமியில் ஏற்பட்டுள்ள மாற்றங்கள்

2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டுகளில் பூமியின் சராசரி வெப்பநிலை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்ததைவிட ஏறத்தாழ 1.1 பாகை கூடியிருந்தது. இவ்வெண் சிறியதாகத் தோன்றலாம். ஆனால், பூமியின் இயற்கை அமைப்புகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவை. ஒன்றில் ஏற்படும் மாற்றம் மற்றவற்றையும் தொடும்.

கூடுதல் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் கடலையே சென்று சேர்கிறது. சூடான நீர் விரிவடைகிறது. நிலத்தின் மீதுள்ள பனிப்பாளங்களும் உருகிக் கடலில் கலக்கின்றன. இதனால், கடல்மட்டம் உயர்கிறது. கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும்போது பவளப்பாறைகள் நிறமிழந்து வெளுக்கின்றன. 2010ஆம் ஆண்டில் தியோமான், ரெடாங் முதலிய தீவுகளில் பவளப்பாறைகள் வெளுத்தபோது, அவை மீண்டு வருவதற்காக முக்குளிப்பு இடங்கள் சில தற்காலிகமாக மூடப்பட்டன.

மனிதர் வெளியேற்றும் கரிவளியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் ஈர்த்துக்கொள்கிறது. கரிவளி நீரில் கரைந்து அமிலமாகி, ஹைட்ரஜன் அயனிகளை வெளியிடுகிறது. தொழிற்புரட்சிக்குப் பின் கடலின் மேற்பரப்பு நீரில் இவ்வயனிகள் நான்கில் ஒரு பங்குக்கும் மேலாகப் பெருகியுள்ளன. சிப்பிகளும் பவள உயிர்களும் தங்கள் ஓட்டைக் கட்டிக்கொள்வது இதனால் கடினமாகிறது. அமிலம் என்பது நீரில் ஹைட்ரஜன் அயனியைத் தரும் பொருள் என்று விளக்கியவரும் அர்ரேனியசே. அவருடைய இளமைக்கால ஆய்வும் பின்னாளைய காற்றுக் கணக்கும், அவர் நினைத்தும் பார்த்திராத வகையில், கடலில் ஒன்றுசேர்ந்துள்ளன.

மலையில் தெரியும் கணக்கு

மலையில் உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 பாகை குறையும். இதன்படி பார்த்தால், வெப்பம் ஒரு பாகை உயர்வது ஒரு தோட்டத்தை ஏறத்தாழ 160 மீட்டர் கீழே இறக்கி வைப்பதற்கு ஒப்பாகும். மூன்று பாகை உயர்ந்தால் 500 மீட்டர் இறங்கியதற்குச் சமம். அப்படியானால், ஆயிரம் மீட்டரில் உள்ள லெம்பா பெர்த்தாமில், முன்பு ஐந்நூறு மீட்டர் உயரத்தில் இருந்த வெப்பமே நிலவும். தேயிலைச் செடி உடனே பட்டுப்போகாது. ஆனால், கொழுந்தின் வளர்ச்சியும் மணமும் மாறும். மலையின் குளிரைத் தாங்காத பூச்சிகளும் நோய்களும் மேலேறி வரும். தோட்டத்தைப் பெயர்த்து இன்னும் உயரத்தில் வைக்கவும் முடியாது. மலைக்கும் உச்சி என்று ஒன்று உண்டல்லவா?

அவ்வுச்சியில் இருப்பவற்றின் நிலை இன்னும் இக்கட்டானது. இரண்டாயிரம் மீட்டருக்கும் உயரமான பிரிஞ்சாங் மலையில் பாசி படர்ந்த காடு உள்ளது. மேகத்திலிருந்து கசியும் ஈரத்தை உண்டே அங்குள்ள பாசிகளும் ஆர்க்கிட் செடிகளும் குடுவைத் தாவரங்களும் வாழ்கின்றன. காற்று சூடானால் மேகம் திரளும் உயரமும் மேலேறும். அக்காடு மேகத்தைத் தொடர்ந்து மேலே செல்ல இடமில்லை.

சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். வெப்பம் ஒரு பாகை கூடினால் காற்றில் தங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. ஆகவே, மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் வாய்ப்பு பெருகுகிறது. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் கனமழைக்குப் பின் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, சுங்கை பெர்த்தாம் பெருக்கெடுத்தது. லெம்பா பெர்த்தாமில் ஆற்றோர வீடுகள் அழிந்தன, உயிர்களும் பலியாயின. அந்த ஒரு நாள் மழைக்குப் பசுமைக்குடில் வளிகளே காரணம் என்று சொல்லிவிட முடியாது. மலைச்சரிவில் காடு அழிக்கப்பட்டதும், அரித்து வந்த மண் நீர்த்தேக்கத்தில் படிந்ததும், ஆற்றின் ஓரம் வரை வீடுகள் நெருங்கியதும் அத்துயரத்தைப் பெருக்கின. காடு குறைந்ததால் மலையின் வெப்பமும் கூடுகிறது. உலகெங்கும் நேரும் மாற்றமும் உள்ளூரில் நேரும் மாற்றமும் ஒரே பள்ளத்தாக்கில் சேரும்போது இழப்பு பன்மடங்காகிறது.

அர்ரேனியஸ் விட்டுச்சென்றது

அர்ரேனியஸ் எல்லாவற்றையும் சரியாகக் கணித்தவர் அல்லர். வேகத்தைக் குறைத்து மதிப்பிட்டார்; தீங்கை நன்மை என நம்பினார். ஆயினும், கண்ணுக்குத் தெரியாத ஒரு வளியின் அளவிற்கும் உலகம் முழுவதன் வெப்பத்திற்கும் உள்ள தொடர்பை அவர் எண்ணிக்கையாக்கிக் காட்டினார். எண்ணிக்கையாக வைக்கப்பட்டதால்தான் பின்வந்தவர்களால் அதைச் சோதிக்கவும் திருத்தவும் உறுதிப்படுத்தவும் முடிந்தது. தம் ஆய்வேட்டைச் சொந்த ஊரே ஏற்காதபோது தளராததும், தாம் எழுதியதைப் பின்னர்த் தாமே திருத்திக்கொண்டதும் அவரிடம் கற்கத்தக்க பண்புகளாகும்.

அவருடைய அட்டவணை கரிவளி கூடும் நிலைகளை மட்டும் காட்டவில்லை. அதன் முதல் பத்தி, கரிவளி குறைந்தால் வெப்பம் எவ்வளவு குறையும் என்பதைக் காட்டுகிறது. கூட்டலைப் போலவே கழித்தலும் அக்கணக்கில் உண்டு. காற்றில் கலந்த கரிவளியின் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் நீடித்து நிற்கும். அதை விரைவில் குறைக்க இயலாது. ஆனால், மேலும் சேர்க்காமல் இருப்பது மனிதர் கையில்தான் உள்ளது. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதைக் குறைத்துச் சூரிய ஒளியாலும் நீராலும் காற்றாலும் மின்சாரம் ஆக்குவது, எஞ்சியுள்ள மலைக்காடுகளைக் காப்பது, தோட்டத்தில் உரத்தைத் தேவைக்கேற்ப இடுவது ஆகியவை அந்த வழியில் எடுத்து வைக்கப்படும் அடிகளாகும். நிலநடுக்கோட்டுக்கும் வடக்கே 10 பாகைக்கும் இடைப்பட்ட வரிசையில் இறுதியில் எந்த எண் நிற்கும் என்பதை இனி வருவோரின் செயல்களே முடிவு செய்யும்.